பழைய ரெனால்ட் டஸ்டர் டீசல் வாங்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய கார் சந்தையில் இன்னமும் மவுசு குறையாத வண்டிகளில் டஸ்டர் ஒன்று. 2012 ஜூலையில் அறிமுகமாகி, சென்னைக்கு அடுத்த ஒரகடத்தில் தயாராகி, 2022 தொடக்கத்தில் விற்பனையிலிருந்து விலகியது. குண்டும் குழியுமான ரோட்டில் இதன் சஸ்பென்ஷனுக்கு ஈடாக அந்த விலையில் வேறு வண்டி வந்ததில்லை. ஆனால் இன்று கிடைக்கும் டீசல் டஸ்டர் எதுவும் 2020-க்குப் பிந்தையது அல்ல. அதனால் 'நல்ல மாடலா?' என்ற கேள்வியை விட, 'இந்த ஒரு வண்டி எப்படிப் பராமரிக்கப்பட்டது?' என்ற கேள்விதான் காசைக் காப்பாற்றும்.

எந்த வருஷத்து வண்டியில் என்ன இருக்கிறது?

முதலில் வந்தவை: 1.5 லிட்டர் டீசல் 85 குதிரைத்திறனிலும் 110 குதிரைத்திறனிலும், கூடவே 1.6 லிட்டர் பெட்ரோல். 2014 இறுதியில் நான்கு சக்கர இயக்கம் சேர்ந்தது. 2016-இல் முகப்பு மாறியது, 110 டீசலில் ஏ.எம்.டி. (கிளட்ச் பெடல் இல்லாமல் தானாக மாறும்) கியரும் வந்தது. 2017-இல் 1.6 பெட்ரோலுக்குப் பதில் 1.5 பெட்ரோல், அதில் சி.வி.டி. ஆட்டோமேட்டிக்கும் உண்டு. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 புகை விதி வந்ததும் டீசல் நின்றுபோனது. அதன்பிறகு பெட்ரோல் மட்டும்தான், அதே ஆண்டில் 1.3 டர்போ பெட்ரோலும் வந்தது.

விற்பவர் 'மாடல் 2016' என்றால் ஆர்.சி.யில் தயாரிப்பு மாதம், வருஷம் இரண்டையும் பாருங்கள். 2015 டிசம்பரில் தயாரித்து 2016 மார்ச்சில் பதிவு செய்த வண்டி 2016 மாடல் ஆகாது. விலையும் அதற்கேற்பக் குறைய வேண்டும்.

85 வாங்குவதா, 110 வாங்குவதா?

இரண்டும் ஒரே 1461 சி.சி. கே9கே எஞ்சின்தான். 85-இல் சாதாரண டர்போ, 5 கியர். 110-இல் இறக்கைக் கோணம் மாறும் டர்போ, 6 கியர்.

ஊருக்குள் ஓட்டுபவருக்கு 85 போதும். கீழ் வேகத்தில் அது 110-ஐ விட இலகுவாக இழுக்கும், கிளட்சும் லேசு. 110 வண்டி, நிமிஷத்துக்கு ஏறக்குறைய 1,800 எஞ்சின் சுற்றுக்குக் கீழே மந்தமாக இருக்கும், அதைத் தாண்டியதும் பாயும். சென்னை-திருச்சி போல நெடுஞ்சாலை ஓட்டம் மாதம் நாலைந்து முறை இருந்தால் 110 எடுங்கள். வயதான வண்டி என்று பார்த்தால் 85-இல் கெட்டுப்போக உள்ள பாகங்களும் குறைவு. பத்து வருஷத்துக்கு மேல் ஆன டஸ்டர் என்றால் எங்கள் ஓட்டு 85-க்குத்தான்.

டைமிங் பெல்ட்டைப் பற்றி ஏன் எல்லோரும் பயமுறுத்துகிறார்கள்?

காரணத்தோடுதான். இந்த டீசல் எஞ்சினில் வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்டைச் சுற்றுவது செயின் அல்ல, ரப்பர் பெல்ட். அது அறுந்தால் வால்வுகள் திறந்தபடி நிற்க, பிஸ்டன் மேலே வந்து அவற்றை இடிக்கும். வால்வு வளையும், சிலிண்டர் ஹெட் கழற்ற வேண்டிவரும். பழைய வண்டியில் அந்தச் செலவு வண்டி விலையில் கணிசமான பங்கைத் தின்றுவிடும்.

பெல்ட் கிலோமீட்டரால் மட்டும் கெடுவதில்லை, வயதாலும் கெடும். 80,000 கி.மீ. அல்லது 5 வருஷம், எது முந்துகிறதோ அப்போது மாற்றிவிடுவது பாதுகாப்பான கணக்கு. ஆகவே '2015 வண்டி, 60,000 தான் ஓடியிருக்கு, பெல்ட்டுக்கு இன்னும் நேரம் இருக்கு' என்று விற்பவர் சொன்னால் ஏற்காதீர்கள். அந்த பெல்ட்டுக்கு வயது பத்து தாண்டிவிட்டது.

மாற்றியதாகச் சொன்னால் பில் கேளுங்கள். பில்லில் நாலு விஷயம் இருக்க வேண்டும்: பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப், மாற்றியபோது இருந்த கிலோமீட்டர். வாட்டர் பம்ப்பை இந்த பெல்ட்தான் சுற்றுகிறது. பம்ப் பேரிங் இறுகினால் புது பெல்ட்டையும் அறுத்துவிடும். பெல்ட்டை மட்டும் மாற்றிய பில் பாதி வேலைக்கான பில்.

இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை. ஆல்டர்னேட்டரையும் ஏ.சி. கம்ப்ரஸரையும் சுற்றும் வெளி பெல்ட் நைந்து நூல் பிரிந்தால், அந்த நூல் கிராங்க் புல்லிக்குப் பின்னால் புகுந்து டைமிங் பெல்ட்டைப் பல் தாண்ட வைக்கக்கூடும். பானட்டைத் திறந்து டார்ச் அடித்து அந்த பெல்ட்டின் ஓரங்களைப் பாருங்கள். வெள்ளை நூல் தெரிந்தால் ஓட்டிப் பார்ப்பதற்கு முன்பே அதைப் பேசிவிடுங்கள்.

பில் இல்லையென்றால் வண்டியை விட்டுவிட வேண்டியதில்லை. மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு, முழு கிட், வாட்டர் பம்ப், கூலன்ட், கூலி எல்லாவற்றுக்கும் உள்ளூர் மெக்கானிக்கிடம் விலை வாங்கி அதை அப்படியே கழித்துப் பேசுங்கள்.

மீட்டரில் காட்டும் கிலோமீட்டரை நம்பலாமா?

தனியாக நம்பக்கூடாது. பதிவு எண்ணைக் கொடுத்தால் ஷோரூம் சர்வீஸ் வரலாறு கிடைக்கிறதா என்று உரிமையாளர் மூலமாகக் கேளுங்கள். வரலாற்றில் 2018-இல் 92,000 என்று இருந்து இன்று மீட்டர் 78,000 காட்டினால் பேச்சே முடிந்தது.

வரலாறு கிடைக்காவிட்டால் தேய்மானம் பேசும். கிளட்ச் பெடல் ரப்பரின் வரிகள் வழவழப்பாகிவிட்டனவா, ஸ்டீயரிங்கின் மேல்பகுதி பளபளக்கிறதா, டிரைவர் சீட்டின் கதவுப்பக்க மேடு அமுங்கியிருக்கிறதா என்று பாருங்கள். 50,000 கி.மீ. வண்டியில் இவை மூன்றும் சேர்ந்து தேய வாய்ப்பில்லை. பெடல் ரப்பர் மட்டும் புத்தம் புதிதாக இருந்தாலும் சந்தேகம்தான்.

டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கத் தயாரிப்பு எண் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். 2015 வண்டி, மீட்டரில் 38,000, ஆனால் டயர் ஏற்கெனவே இரண்டாம் செட் என்றால் ஏன் என்று கேளுங்கள். டயர் ரப்பர் காய்ந்து வெடித்ததால் மாற்றினோம் என்பது நியாயமான பதில்தான்; பில் இருந்தால் இன்னும் நல்லது.

குறைந்த கிலோமீட்டர் எப்போதும் நல்லதும் அல்ல. தினம் 4 கி.மீ. ஓடி எஞ்சின் சூடாவதற்குள் நின்றுபோன டீசலில் இ.ஜி.ஆர். வால்வு (புகையில் ஒரு பங்கை எஞ்சினுக்கே திருப்பி அனுப்பும் வால்வு) கரி பிடித்து அடைத்திருக்கும். நெடுஞ்சாலையில் 1,20,000 ஓடி, 10,000-க்கு ஒருமுறை ஆயில் மாற்றிய வண்டி அதைவிட மேல். இந்த எஞ்சின் ஆயில் தாமதத்தை மன்னிப்பதில்லை: கனெக்டிங் ராட் பேரிங்கும் டர்போவும் முதலில் அடி வாங்கும்.

நேரில் பார்க்கும்போது எதில் தொடங்குவது?

காலையில் போங்கள். 'நான் வரும் வரை ஸ்டார்ட் பண்ண வேண்டாம்' என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். போனதும் பானட்டில் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால், குளிர்ந்த எஞ்சின் ஸ்டார்ட் ஆகும் விதத்தை மறைக்கிறார்கள் என்று அர்த்தம் கொள்ளலாம். இன்னொரு நாள் வருகிறேன் என்று திரும்பிவிடுங்கள்.

ஸ்டார்ட் செய்வதற்கு முன், கூலன்ட் தொட்டியைப் பாருங்கள். எஞ்சின் சூடாக இருந்தால் மூடியைத் திறக்கவே கூடாது. வெறும் தண்ணீர் ஊற்றியிருந்தால் துருநிறம் தெரியும். எண்ணெய் மிதந்தாலோ, ஆயில் மூடியின் அடியில் மோர் போல வெளுத்த பசை கெட்டியாக இருந்தாலோ ஹெட் கேஸ்கெட் சந்தேகம்.

பிறகு சாவி போடுங்கள். கிளஸ்டரில் எஞ்சின், ஏர்பேக், ஏ.பி.எஸ். விளக்குகள் முதலில் எரிந்து பிறகு அணைய வேண்டும். எரியாமலே இருப்பது நல்ல சேதி அல்ல, பல்பையே பிடுங்கி வைத்திருக்கலாம். டீசல் குளிர்ச்சியில் ஒரே சுற்றில் பிடிக்க வேண்டும். மூன்று நான்கு முறை இழுத்துப் பிடித்தால் குளோ பிளக் (குளிர்ந்த எஞ்சினைச் சூடாக்கும் பாகம்), இன்ஜெக்டர் (டீசலைத் தெளிக்கும் பாகம்) அல்லது டீசல் லைனில் காற்று.

புகையின் நிறத்தைப் பின்னால் ஒருவரை நிறுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது கொஞ்சம் கறுப்பு வந்து மறைவது சகஜம். விடாமல் கறுப்பு என்றால் இ.ஜி.ஆர்., இன்ஜெக்டர் அல்லது டர்போவின் காற்றுக்குழாயில் கிழிசல். நீலம் என்றால் ஆயில் எரிகிறது. எஞ்சின் சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காவிட்டால் கூலன்ட் உள்ளே போகிறது.

ஐடிலில் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து அதன் மேலேயே கவிழ்த்து வையுங்கள். லேசாக ஆடினால் பரவாயில்லை. மூடி துள்ளி விழும் அளவு காற்று தள்ளினால் ரிங் தேய்ந்திருக்கலாம். கம்ப்ரஷன் சோதனை செய்யாமல் அந்த வண்டிக்கு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

ஓட்டிப் பார்க்கும்போது என்னென்ன கவனிக்க வேண்டும்?

பாட்டை அணைத்துவிட்டு, அரைமணி நேரமாவது ஓட்டுங்கள். விற்பவர் கூடவே வந்து பேசிக்கொண்டே இருப்பார். கண்ணாடியை இறக்கி வையுங்கள்.

கிளட்ச்: 40 கி.மீ. வேகத்தில் நாலாவது கியரில் போட்டு முழு ஆக்சிலரேட்டர் கொடுங்கள். சுற்று மட்டும் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் பிளேட் முடிந்தது. பெடலை மிதித்தால் பாதியில் தங்குவது, அடிக்கடி பிரேக் ஆயில் அளவு குறைவது இரண்டும் கிளட்ச் சிலிண்டர் கசிவு. இந்த வண்டியில் அந்த சிலிண்டர் கியர்பாக்ஸுக்கு உள்ளே இருப்பதால் பாகத்தை விடக் கழற்றும் கூலி வலிக்கும். கியர்பாக்ஸ் இறக்குகிற நாளில் கிளட்ச் செட்டையும் சேர்த்து மாற்றுவதுதான் புத்திசாலித்தனம்.

டர்போ: மூன்றாவது கியரில் 1,500 சுற்றிலிருந்து மிதித்து ஏற்றுங்கள். இழுப்பு சீராக வர வேண்டும். சைரன் போல ஊளை கேட்டால் டர்போ பேரிங். இழுப்பு திடீரென்று செத்து, எஞ்சின் விளக்கு எரிந்து, அணைத்துப் போட்டால் சரியாகிறது என்றால் 110 வண்டியில் டர்போவின் இறக்கைகள் கரியில் சிக்கியிருக்கலாம்.

சஸ்பென்ஷன்: டஸ்டரின் பலமே இதுதான், அதனாலேயே உரிமையாளர்கள் இதைக் கண்டபடி பள்ளத்தில் இறக்கியிருப்பார்கள். வேகத்தடையில் ஒரு பக்கச் சக்கரத்தை மட்டும் 10 கி.மீ. வேகத்தில் ஏற்றி இறக்குங்கள். 'டொக்' என்று ஒற்றைத் தட்டு கேட்டால் லிங்க் ராடு அல்லது லோயர் ஆர்ம் புஷ், இவை பெரிய செலவில்லை. ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது மேலிருந்து கடகடவென வந்தால் ஷாக் அப்சார்பர் மவுன்ட். முழுசாக வளைத்து மெதுவாக வட்டமடிக்கும்போது 'டக்டக்' என்றால் டிரைவ் ஷாஃப்டின் வெளி ஜாயின்ட்.

பழைய டஸ்டரில் பவர் ஸ்டீயரிங் எண்ணெயில் இயங்குவது. திருப்பும்போது முனகினாலோ எண்ணெய் குறைந்திருந்தாலோ பம்ப்பையும் குழாயையும் பாருங்கள். பள்ளத்தில் ஸ்டீயரிங் கையை லேசாக உதறுவது இந்த வண்டியின் குணம், பழுது அல்ல.

ஏ.சி.யை மதிய வெயிலில், வண்டி நின்றபடி பத்து நிமிஷம் போட்டுப் பாருங்கள். ஓடும்போது குளிர்ந்து, சிக்னலில் வெந்தால் கண்டென்ஸர் மின்விசிறி அல்லது கேஸ் அளவு.

ஓ.பி.டி. கருவி உதவுமா?

நிச்சயம். வண்டியின் கணினியில் பதிவான பழுதுகளைப் படிக்கும் கருவி இது, புளூடூத் வகையே போதும். குறைபாட்டுக் குறியீடு இருக்கிறதா என்பதோடு, 'குறியீடு அழித்த பின் ஓடிய தூரம்' என்ற அளவையும் பாருங்கள். அது 12 கி.மீ. என்றால் நேற்றுதான் யாரோ எதையோ அழித்திருக்கிறார்கள்.

விபத்து வண்டி என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பம்பர் மாற்றிய வண்டியைக் கண்டு ஓட வேண்டாம், நம் ஊர் டிராஃபிக்கில் அது சாதாரணம். பயப்பட வேண்டியது உள்கட்டமைப்பு வேலைக்குத்தான். டஸ்டர் தனிச் சட்டத்தின் மேல் உட்கார்ந்த வண்டி அல்ல, பாடியே சட்டம். அது வளைந்து இழுக்கப்பட்டிருந்தால் டயர் தேய்மானத்திலும் ஓட்டத்திலும் ஆயுசுக்கும் தொல்லை.

பானட் கீல், ஃபெண்டர், கதவுக் கீல் ஆகியவற்றின் போல்ட் தலைகளைப் பாருங்கள். பெயின்ட் உடைந்து ஸ்பானர் தடம் இருந்தால் கழற்றியிருக்கிறார்கள். ரேடியேட்டரைத் தாங்கும் குறுக்குச் சட்டத்திலும், இரண்டு பக்க ஏப்ரானிலும் (முன்சக்கரத்துக்கு மேலே உள்ள உள்தகடு) வெல்டிங் புள்ளிகள் சீராக, வட்டமாக இருக்க வேண்டும். கதவு ரப்பரை உருவிப் பார்த்தால் கம்பெனி வெல்டிங் தெரியும். அங்கே பட்டி பூசி மழமழவென்று இருந்தால் டிங்கரிங் நடந்திருக்கிறது. பெயின்ட் தடிமன் மீட்டர் இருந்தால் கம்பெனி பெயின்ட் பொதுவாக 90 முதல் 150 மைக்ரான். 200-ஐத் தாண்டினால் மறுபூச்சு, 500 என்றால் அடியில் பட்டி.

இன்சூரன்ஸ் பாலிசியும் துப்புக் கொடுக்கும். 50 சதவீத நோ கிளெய்ம் போனஸ் என்றால் தொடர்ந்து 5 வருஷம் கிளெய்ம் இல்லை. பூஜ்யம் என்றால் போன வருஷம் கிளெய்ம் போட்டிருக்கலாம், அல்லது கை மாறியிருக்கலாம். எது என்று கேளுங்கள்.

வெள்ளத்தில் நின்ற வண்டியா என்று தெரிந்துகொள்ள முடியுமா?

2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் நின்ற வண்டிகள் பாலிஷ் போட்டு வேறு ஊர்களில் விலை போகக்கூடும். மதுரையில் வாங்கினாலும் பதிவு எண் சென்னை, காஞ்சிபுரம் வட்டாரம் என்றால் கூடுதல் கவனம்.

சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். சுருளின் உள்பகுதியில் சேற்றுக் கோடு இருந்தால் தண்ணீர் அந்த உயரம் வரை வந்தது. சீட்டைத் தாங்கும் தண்டவாளத் துரு, கார்ப்பெட்டின் அடியில் வண்டல், ஹெட்லைட்டின் உள்ளே கோடு, ஃபியூஸ் பெட்டியின் பின்களில் பச்சைக் களிம்பு ஆகியவற்றைத் தேடுங்கள். கார்ப்பெட் புதிதாக, ஊதுபத்தி வாசனை தூக்கலாக இருந்தால் உஷார். வெள்ள வண்டி ஓடும். ஆறு மாதம் கழித்து ஏதாவதொரு கனெக்டர் அரிக்கத் தொடங்கும், எலக்ட்ரீஷியன் தேடித் தேடி ஓய்ந்துபோவார். எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.

டெல்லிப் பதிவு டஸ்டர் லட்ச ரூபாய் குறைவாகக் கிடைக்கிறதே?

10 வருஷம் தாண்டிய டீசல் வண்டிக்குத் தலைநகர் வட்டாரத்தில் 2015-இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தடை விதித்தது, 2018-இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. அதனால் அங்கே அடிமாட்டு விலைக்குப் போன வண்டிகள் தெற்கே வந்தன. வண்டி மோசம் என்று அர்த்தமில்லை. ஆனால் அந்த ஆர்.டி.ஓ.வின் என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று), இங்கே மறுபதிவு, தமிழ்நாட்டு ஆயுள் வரி, அலைச்சல், புரோக்கர் கூலி எல்லாம் கூட்டிப் பாருங்கள். குறைந்த லட்சத்தில் பெரும்பகுதி கரைந்துவிடும். என்.ஓ.சி. கைக்கு வராமல் முழுப் பணம் கொடுக்கவே கூடாது.

காகிதங்களில் என்ன பார்க்க வேண்டும்?

அரசின் பரிவாகன் தளத்தில் பதிவு எண்ணைப் போட்டால் எத்தனையாவது உரிமையாளர், பதிவு எதுவரை செல்லும், கடன் பதிவு உண்டா என்பது தெரியும். நிலுவைச் சலானையும் அங்கேயே பாருங்கள். ஆர்.சி.யில் உள்ள சாசி எண், எஞ்சின் எண்ணை வண்டியில் பொறித்ததோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். கடன் அடைத்திருந்தாலும் ஆர்.சி.யில் ஹைப்போதிகேஷன் (கடன் பதிவு) நீங்காமல் இருந்தால் வங்கியின் என்.ஓ.சி.யும் படிவம் 35-ம் வேண்டும்.

பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. 'கையெழுத்துப் போட்ட படிவம் வைத்துக்கங்க, மெதுவா மாத்திக்கலாம்' என்பதை ஏற்காதீர்கள். பெயர் மாறாத வண்டியில் விபத்து நடந்தால் இரண்டு பேருக்குமே தலைவலி. இன்சூரன்ஸையும் 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றக் கேளுங்கள், இல்லாவிட்டால் உங்கள் வண்டிச் சேதத்துக்குக் கிளெய்ம் கிடைக்காது.

15 வருஷம் முடிந்தால்?

2012-இல் பதிவான டஸ்டருக்கு 2027-இல் ஆர்.சி. காலாவதி. அதன்பின் எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்டி 5 வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கலாம். கட்டணம், பசுமை வரி, எஃப்.சி.க்காக வண்டியைத் தயார்செய்யும் டிங்கரிங், பெயின்டிங் செலவு எல்லாம் வாங்குபவர் தலையில்தான். ஒரு வருஷமே மிச்சமிருக்கும் ஆர்.சி.யோடு வரும் வண்டியை ஐந்து வருஷம் மிச்சமிருக்கும் வண்டியின் விலைக்குக் கேட்டால் சிரித்துவிட்டு நகருங்கள்.

நான்கு சக்கர இயக்கம், ஏ.எம்.டி. வண்டிகள் எப்படி?

நான்கு சக்கர டஸ்டர் மலைப்பாதைக்காரர்களுக்கு நல்ல வண்டி. பின்னால் தனித்தனி சஸ்பென்ஷன், சொகுசும் கூடுதல். டிக்கி 475 லிட்டரிலிருந்து 410 ஆகக் குறையும். நான்கு டயரும் ஒரே பிராண்ட், ஒரே தேய்மானம் இருக்க வேண்டும். வேறு வேறு சுற்றளவு இருந்தால் பின் சக்கரத்தை இணைக்கும் கப்ளிங் ஓயாமல் வேலை செய்து சூடாகும். மண் தரையில் 'லாக்' (நான்கு சக்கர இயக்கத்தைப் பூட்டும் நிலை) போட்டு ஓட்டிப் பாருங்கள். ஏதாவது போனால் பாகத்துக்குக் காத்திருக்கத் தயாராக இருங்கள். ஏ.எம்.டி.யை ஏற்றத்தில் நிறுத்தி எடுத்துப் பாருங்கள், கியர் விளக்கு ஒருமுறை எரிந்தாலும் வேண்டாம்.

பாதுகாப்பு?

2017-இல் கார் மோதல் சோதனை அமைப்பான குளோபல் என்கேப் சோதித்தபோது, ஏர்பேக் இல்லாத டஸ்டருக்குப் பெரியவர்கள் பாதுகாப்பில் பூஜ்ய நட்சத்திரம். டிரைவர் ஏர்பேக் இருந்ததற்கு 3. அடிப்படை வகைகளில் ஏர்பேக் இல்லாமல் விற்றிருக்கிறார்கள். இரண்டு ஏர்பேக்கும் ஏ.பி.எஸ்.ஸும் உள்ள வகையைத் தேடுங்கள். இதில் சமரசம் வேண்டாம்.

கம்பெனி மாடலை நிறுத்திவிட்டதே, பாகம் கிடைக்குமா?

எஞ்சின், பிரேக், சஸ்பென்ஷன் பாகங்களுக்குக் கவலை வேண்டாம். இதே எஞ்சின் நிசான் டெரானோ, சன்னி டீசலிலும் ஓடியது. சிரமம் பாடி பாகங்களில்தான்: ஹெட்லைட், கதவு உள்பேனல், ஏ.சி. பொத்தான் போன்றவை. உடைந்திருந்தால் 'சின்ன விஷயம்' என்று விடாமல் விலை விசாரித்துவிட்டுப் பேசுங்கள்.

விலை பேசும்போது எப்படிக் கணக்குப் போடுவது?

கேட்கும் விலையை மறந்துவிட்டு, முதல் ஆறு மாதச் செலவைக் காகிதத்தில் எழுதுங்கள். டைமிங் பெல்ட் கிட், 215/65 ஆர்16 அளவில் டயர்கள், பேட்டரி, கிளட்ச், சஸ்பென்ஷன் புஷ், பெயர் மாற்றம், இன்சூரன்ஸ். மாற்றத் தேவையில்லாததை அடித்துவிடுங்கள். மிச்சம் வரும் தொகை வண்டி விலையில் கால்பங்கைத் தாண்டினால், அதே பணத்துக்கு இரண்டு வருஷம் புதிய வண்டி கிடைக்குமா என்று பாருங்கள். பெரும்பாலும் கிடைக்கும்.

வாங்கியாச்சு. முதல் வாரத்தில் என்ன செய்வது?

பழைய உரிமையாளர் 'போன மாசம்தான் சர்வீஸ் பண்ணேன்' என்று சொன்னாலும் எல்லா எண்ணெயையும் மாற்றிவிடுங்கள். எஞ்சின் ஆயில் சுமார் நாலரை லிட்டர் பிடிக்கும், கையேட்டில் உள்ள தரத்தில் ஊற்றுங்கள். ஆயில், ஏர், டீசல், ஏ.சி. ஃபில்டர்கள், கூலன்ட், பிரேக் ஆயில், கியர் ஆயில். டைமிங் பெல்ட்டுக்கு பில் இல்லையென்றால் அதே தடவையில் அதையும் முடித்து, தேதியையும் கிலோமீட்டரையும் ஒரு ஸ்டிக்கரில் எழுதி பானட்டின் அடியில் ஒட்டுங்கள். டஸ்டரின் ஸ்டெப்னி டூ-வீல் டிரைவ் வண்டிகளில் டிக்கிக்குக் கீழே வெளியே தொங்கும். அதை ஒருமுறை இறக்கிப் பாருங்கள். வருஷக்கணக்கில் யாரும் தொடாமல் தாங்கி துருப்பிடித்து, பஞ்சரான அன்று இறங்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும்.